யூசுப்பின் மோதிர விரல்

1981 பிப்ரவரி 1, ஞாயிறு. காலை 6.40.

எறிந்தது 60. சுத்தமாகப் பிடித்தது 47. கையில் பட்டு விழுந்தது 9. தாண்டிப் போனது 4. போன ஞாயிறு பிடித்தது 41. முன்னேற்றம் உண்டு. எனக்குப் போதவில்லை.

பனி. கப்பல் சங்கு கேட்கிறது, காயல் தெரியவில்லை. கிரிக்கெட் ஆடுகளத்தில் விரிக்கும் கயிற்றுப் பாய் நனைந்து கனம். விரித்து ஆணி அடிக்க நானும் யூசுப்பும் மட்டும். கிளப்பின் மற்ற மகாராஜாக்கள் சாயா குடித்துவிட்டு ஏழரைக்கு மேல்.

புது மாதம். திட்டத்தை ஒரு முறை முழுதாக எழுதி வைக்கிறேன்.

ஆள்: யூசுப், 19. மட்டாஞ்சேரி மிளகுக் கிடங்கில் சாக்கு வாய் தைப்பவன். டிசம்பரில் பஜார் ரோட்டில் பார்த்தது. மாடியிலிருந்து ஒருவன் சணல் உருண்டைகளை வீசுகிறான்; கீழே இவன் பக்கத்து ஆளோடு வம்பு பேசிக்கொண்டே ஒவ்வொன்றாக வாங்குகிறான். உருண்டை வரும் வேகத்தில் கையும் பின்னால் போகிறது. சத்தமே இல்லை. விக்கெட் கீப்பருக்கு இதைத்தான் வருடக்கணக்காகச் சொல்லித் தருவார்கள். அன்றைக்கே கூட்டி வந்துவிட்டேன்.

திட்டம்: மார்ச் முடிய, ஸ்டம்புக்குப் பத்து கஜம் தள்ளி நின்று மட்டும். ஏப்ரல், ஸ்டம்பை ஒட்டி, ரப்பர் பந்து. மே, ஸ்டம்பை ஒட்டி, நிஜப் பந்து. மேட்ச் அடுத்த சீசனில். கயிற்றுப் பாயில் முடிச்சில் பட்ட பந்து எங்கே போகும் என்று பாய்க்கே தெரியாது. கண் பழக நாள் வேண்டும்.

வாங்க: பிளேடு, சோப்பு, பொள்ளாச்சி வீட்டுக்குப் போட இன்லண்ட்.

பிப். 4, புதன்

வெயில். நான் வேலை பார்க்கும் தோப்பும்படி ஒர்க்‌ஷாப்பில் கும்பளங்கிக்காரரின் படகு. எஞ்சின் பிரித்துப் பூட்டி நேற்றுத்தான் முடிந்தது; இன்றைக்கே ஆழ்கடல் போகணுமாம். முதல் முப்பது மணி நேரம் பாதி வேகத்துக்கு மேல் ஓட்டினால் என்னிடம் வராதீர்கள் என்று கத்தினேன். முகம் சுருங்கிப் போனார். போகட்டும்.

மாலை கிளப் செக்ரட்டரி வர்கீஸ் சேட்டன் ஒர்க்‌ஷாப்புக்கே வந்தார். நம் கீப்பருக்கு விசா வந்துவிட்டது, வியாழன் விமானம். பதினைந்தாம் தேதி லீக் மேட்ச்.

“நின்றெ செக்கனெ இறக்கு, சேகரே.”

பையன் தயாராகவில்லை என்றேன். அவர் விடவில்லை. ஜில்லா டீமுக்கு ஆள் எடுப்பவர் அன்றைக்கு வருகிறாராம். “சேகர் உண்டாக்கிய கீப்பர்னு ஞான் தன்னெ பறயாம்.”

சேகர் உண்டாக்கிய கீப்பர். பாலம் தாண்டுகிற வரைக்கும் அது காதிலேயே இருந்தது. சரி என்று சொல்லிவிட்டேன். யூசுப்பிடம் கேட்கவில்லை.

பிப். 8, ஞாயிறு

ஸ்டம்பை ஒட்டி நிறுத்தினேன். ரப்பர் பந்துக்கு நேரம் இல்லை. நேரே நிஜப் பந்து.

“அண்ணே, இது ஏப்ரலுன்னு நோட்டுல இருந்துச்சே?”

அவனுக்குத் தமிழ் எழுத்து வராது, மலையாளம்தான் படித்தது. தேதி, எண் மட்டும் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து மனசில் வைத்திருக்கிறான்.

“எழுதுனது நான்தானே? மாத்துறதும் நான்தான். குனிடா.”

“ஓ, எஞ்சினீயர் பறஞ்சா குனியாம பின்னே.” சிரித்துக்கொண்டே குனிந்தான்.

40க்கு 19. பாதிகூட இல்லை. நாளைக்கும் வரச் சொன்னேன்.

பிப். 11, புதன்

காலை 7.10. இருபத்தாறாவது பந்து. முடிச்சில் பட்டு எழும்பி வலது கை மோதிர விரல் நுனியில், நேர் குத்து. யூசுப் க்ளவுஸைக் கழற்றாமல் தொடை இடுக்கில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

கழற்றிப் பார்த்தால், நகம் இருக்கும் கணு மட்டும் கீழே தொங்குகிறது. “தூக்குடா” என்றேன். தூக்க முயன்றான். மற்ற விரல் எல்லாம் எழுந்தது, அந்த நுனி எழவில்லை.

கணு நழுவியிருக்கிறது என்று நானே முடிவு கட்டினேன். யாரிடம் கேட்டேன்? யாரிடமும் இல்லை. அவன் மணிக்கட்டை என் முட்டிகளுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு விரலைப் பிடித்து இழுத்தேன். அவன் சட்டைக் கையைக் கடித்துக்கொண்டான். இரண்டாம் முறையும் இழுத்தேன்.

துறைமுகத்தில் மீன் பெட்டிக்குப் போடும் ஐஸில் அரை மணி. பிறகு நடு விரலோடு சேர்த்து ஒர்க்‌ஷாப் கறுப்பு டேப், மின்சார வயருக்குச் சுற்றுவது.

“ஞாயித்துக்கிழமைக்குள்ள சரியாயிடும்.”

“சரியாயிடும்னா சரிண்ணே.”

அவன் அப்படிச் சொன்னது பிடிக்கவில்லை. கொஞ்சமாவது சந்தேகப்பட்டிருக்கலாம்.

பிப். 15, ஞாயிறு

எழுதப் பிடிக்கவில்லை. எழுதுகிறேன்.

தோற்றோம். யூசுப்: ஒரு ஸ்டம்பிங், அருமை. கேட்ச் இரண்டு வந்தது, இரண்டும் கீழே. பின்னால் விட்ட ரன் 23. எல்லைக் கோட்டில் ஒரு கூட்டம்: “மோனே, சாக்கு எடுத்து நில்லடா, அதிலெங்கிலும் வீழும்!” சாக்கிலாவது பந்து விழுமாம். அவனும் சிரித்தான். ஒவ்வொரு பந்துக்குப் பிறகும் வலது கையைத் தொடைக்குப் பின்னால் கொண்டு போவதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

இடைவேளையில் மாற்றியிருக்கலாம். மாற்றவில்லை.

முடிந்ததும் மரத்தடியில் டேப்பை நானே பிய்த்து என் பைக்குள் போட்டேன். ஏன் என் பைக்குள்? யாரும் பார்க்கக் கூடாது என்றுதான். வேறு காரணம் எழுதினால் பொய்.

ஜில்லா ஆள் அந்த விரலைப் பார்த்துவிட்டார். வர்கீஸ் சேட்டனிடம் ஏதோ சொன்னார். சேட்டன் என்னிடம் வந்தார்: “இதெந்தா? நீ அறிஞ்ஞில்லே?”

“இல்ல சேட்டா. எங்கிட்ட மறைச்சிருக்கான்.”

யூசுப் என் பக்கத்தில், கை நீட்டினால் தொடும் தூரத்தில். ஷூ கயிறு அவிழ்த்துக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

“ஆமா சேட்டா. ஞான் பறஞ்ஞில்ல.”

அவ்வளவுதான். எனக்கு முன்னால் பஸ் ஏறிப் போய்விட்டான்.

பிப். 16, திங்கள்

லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். டாக்டர் சின்ன வயது. நுனியைத் தூக்கும் நரம்பு எலும்பை விட்டுப் பிய்ந்திருக்கிறது. பந்து பட்டபோது பாதி போயிருக்கலாம். இழுத்ததிலும் ஆடியதிலும் மிச்சமும். யாரோ பிடித்து இழுத்த அடையாளம் தெரிகிறது, யார் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் யூசுப்:

“ஞான் தன்னெ டாக்டரே. மடயத்தரம்.”

என் மடத்தனத்தையும் அவனே எடுத்துக்கொண்டான். நான் வாயை மூடிக்கொண்டேன்.

உத்தரவு: தகட்டில் விரலை நீட்டிக் கட்டியிருக்கிறது. 42 நாள். நுனி ஒரு தடவைகூட மடங்கக் கூடாது. மடங்கினால் அன்றைக்குத் திரும்ப ஒண்ணாம் நாள். இடையில் தகடு மாற்றுவதென்றால் விரலை மேஜையில் தட்டையாக அழுத்தி இன்னொருவர் பிடிக்க வேண்டும். ஒழுங்காக இருந்தால் நிமிரும், கீப்பிங்கும் செய்யலாம். இல்லாவிட்டால் தொங்கியபடியே இருக்கும். அதில் பந்து வாங்க முடியாது.

பிப். 19, வியாழன்

புழுக்கம். யூசுப் வீட்டுக்குப் போனேன். கிடங்கில் ஊசி பிடிக்க முடியாததால் துடைப்பம் கொடுத்திருக்கிறார்கள். மிளகுத் தூசியில் கண் சிவந்து உட்கார்ந்திருந்தான். அவன் அக்கா ஜமீலா தையல் மிஷினில். நிமிராமலே பேசினாள்.

“வாங்க தம்பி. எஞ்சின் பார்க்க வந்தீங்களா, ஆளப் பார்க்க வந்தீங்களா?”

“கை எப்படி இருக்குன்னு…”

“கைக்கென்ன? கை இருக்கு.” மிஷினை நிறுத்தினாள். “புதன்கிழமை கறுப்பு டேப்போட வந்தான். எங்க வீட்ல கறுப்பு டேப்பு ஏது? கேட்டா விழுந்துட்டேங்கிறான். நான் தையக்காரி தம்பி. எவன் சுத்துனதுன்னு சுத்தைப் பார்த்தாலே தெரியும்.”

“இத்தா, விடு” என்றான் யூசுப் அக்காவிடம்.

“விட்டாச்சு. சாயா குடிச்சிட்டுப் போகச் சொல்லு.”

குடித்தேன்.

திரும்பி வந்தால் வர்கீஸ் சேட்டன் ஆள் அனுப்பியிருக்கிறார். ஞாயிறு கமிட்டி. காயத்தை மறைத்து ஆடியவனை லிஸ்டிலிருந்து எடுக்க வேண்டும் என்று இரண்டு பேர். எடுத்தால் அவனுக்கு இந்தக் கிளப் முடிந்தது. வேறு எந்தக் கிளப்பும் சேர்க்காது. கோச் என்ற முறையில் நான் அறிக்கை தர வேண்டும்.

எழுதினேன். மூன்று வரி. “ஆட்டக்காரர் காயத்தை மறைத்தார்” அதில் இரண்டாவது வரி. எழுதிக் கொடுத்தும் அனுப்பிவிட்டேன். இதைவிடக் கேவலமாக ஒன்று செய்ய முடியாது என்று நினைக்கிறேன்.

பிப். 21, சனி

முடிந்தது. வியாழனன்று எழுதியதைவிடக் கேவலமாக ஒன்று செய்தேன்.

மத்தியானம் யூசுப் வீட்டில். ஐந்து நாள் ஆகிறதே, எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று பார்க்க வேண்டும் போல் இருந்தது. பார்க்காமல் எப்படித் தெரியும்? மூடியதைத் திறந்து பார்த்தே பழகிய கை. “ஒரு நிமிஷம்டா” என்று கட்டை அவிழ்த்துத் தகட்டை எடுத்தேன். மேஜையில் அழுத்திப் பிடிக்கவில்லை. டாக்டர் சொன்னது என் காதிலும்தான் விழுந்தது.

நுனி மெல்ல இறங்கியது. அவன் நிறுத்தப் பார்த்தான். நிற்கவில்லை. மிஷினில் இருந்த ஜமீலாக்காவும் சேர்த்து மூவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஜமீலாக்கா எழுந்து வந்து, விரலை மேஜையில் வைத்து நிமிர்த்தித் தகட்டை வைத்துக் கட்டினாள். ஒரு தடவையில் சரியாக. கட்டி முடித்துவிட்டுத்தான் கேட்டாள்:

“எத்தன நாள் போச்சு?”

“அஞ்சு” என்றான் யூசுப். “சாரமில்ல, பரவால்ல. இன்னிக்கு ஒண்ணு.”

அவன் என்னை வைதிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பிப். 22, ஞாயிறு

காலையில் மழை போல் மூட்டம், பெய்யவில்லை. வாசகசாலையில் கமிட்டி. ஐந்து பேர், யூசுப் கதவோரம் நின்றபடி. வர்கீஸ் சேட்டன் என் அறிக்கையை மலையாளத்தில் சொன்னார். இரண்டாவது வரி வந்ததும் எழுந்தேன்.

“அது பொய். நான் எழுதுன பொய். பந்து பட்டப்ப பக்கத்துல நின்னேன். டேப் சுத்துனது நான். ஆட வச்சதும் நான்.”

சேட்டன் அறிக்கையை மடித்து வைத்தார்: “அப்போ மைதானத்தில் ரண்டு பேரும் கள்ளம் பறஞ்ஞு. நீயும் அவனும்.”

தீர்மானம்: யூசுப் பெயர் லிஸ்டில் இருக்கும், இந்த சீசன் மேட்ச் கிடையாது. கோச் சேகர் வேண்டாம். “சாவி மேசப்புறத்து வச்சேக்கு.” கிட் அறைச் சாவியை மேஜைமேல் வைத்தேன்.

நியாயம். பாரம் இறங்கும் என்று எதிர்பார்த்தது மட்டும் தப்பு.

வெளியே யூசுப். இத்தனை நாளில் இன்றைக்குத்தான் கோபப்பட்டான்.

“எதுக்கு அண்ணே அங்க போய்ச் சொன்னீங்க? உங்களுக்காகத்தான் நான் பொய் சொன்னேன். இப்ப அஞ்சு பேருக்கு முன்னால நான் பொய்யன்.”

“உன் பேரு இருக்கட்டும்னுதான்…”

“எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? ஸ்டம்புக்குப் பக்கத்துல நிப்பாட்டுனப்பவும் கேக்கல. இழுத்தப்பவும் கேக்கல. நேத்தும் கேக்கல. இதுக்காவது கேட்டிருக்கலாம்.”

கொஞ்ச தூரம் கூடவே நடந்தேன். பஜார் ரோடு திருப்பத்தில் அவனே நின்றான்.

“நாளைக்கு தகடு மாத்தணும். இத்தாக்குத் துணி டெலிவரி இருக்கு. ஒரு கை பிடிக்க ஆள் வேணும்.”

“வரட்டா?”

“அதான். அப்படிக் கேளுங்க.” யோசித்தான். “வாங்க. காலைல.”

இனி:

1. திங்கள் காலை 7, யூசுப் வீடு. விரல் மேஜையில். நான் அழுத்திப் பிடிப்பது மட்டும். கட்டுவது ஜமீலாக்கா, அவள் கைவேலை முடிகிற வரை காத்திருப்பது.

2. நாள் கணக்கு பிப். 21 முதல். 42ஆவது நாள் ஏப்ரல் 3, வெள்ளி. அதுவரை தகட்டைத் தொடுவதில்லை, அவன் சொன்னால் தவிர.

3. கிடங்கு மேஸ்திரியைப் பார்த்து, தூசி இல்லாத வேலை கேட்கலாமா என்று முதலில் யூசுப்பிடம் கேட்பது. வேண்டாம் என்றால் விடுவது.

4. எப்போது ஆடுவாய் என்று கேட்பதில்லை.

5. அடுத்த தடவை ஆஸ்பத்திரியில், அவன் சம்மதித்தால், இழுத்தது நான்தான் என்று டாக்டரிடம் சொல்வது. இரண்டு முறை இழுத்தேன் என்பதையும்.