பலகையில் ஒரு சொல்

உல்ம் நகரம்,
இறந்தோர் நினைவு நாள்.

வெனிஸில் நம் ஊர் வியாபாரிகள் தங்கும் விடுதியில் இருக்கும் என் கணவர் உட்ஸுக்கு, வால்புர்கா வணக்கத்துடன் எழுதுவது.

இது மூன்றாவது கடிதம். முந்தைய இரண்டும் பிரிக்கப்படாமலே திரும்பி வந்தன. வியாபாரி ஒருவர் நாளை மலைதாண்டிப் புறப்படுகிறார், அவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

நீங்கள் புனிதர் படங்களைப் பீப்பாய்களில் அடைத்துக் கொண்டுபோய் மூன்று குளிர்காலம் ஆகிறது. இங்கே ஆப்பிள் நன்றாகக் காய்த்தது. பாதியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். ஒருத்திக்கு எவ்வளவு வேண்டும்?

மரப்பலகையில் படம் செதுக்கி அச்சிடும் நம் பட்டறையின் விஷயம் சொல்ல வேண்டும். கணவன் ஊரில் இல்லாத பெண் பட்டறை நடத்தக்கூடாதாம், விதவை நடத்தலாமாம். கைவினைஞர் சங்கத்தின் விதி. புதிய புனித கிறிஸ்தோபர் படத்தின் அடியில் 'உட்ஸின் விதவை' என்று அச்சிட்டுக் காட்டச் சொன்னார்கள். நம் பட்டறைக் கூலியாள் லீன்ஹார்ட்டுக்கும் வேலை போய்விடுமே என்று செதுக்கினேன். தாளை உரித்துப் பார்த்தால் எழுத்தெல்லாம் இடம் வலமாகத் திரும்பியிருந்தது. பலகையில் திருப்பிச் செதுக்க மறந்திருக்கிறேன். இருபது வருடத்தில் ஒருமுறைகூட நான் செய்யாத பிழை.

லீன்ஹார்ட் சிரித்தான். "எஜமானியம்மா, கண்ணாடி முன்னால நின்னாத்தான் நீங்க விதவை!" என்றான். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு மை அரைக்கப் போய்விட்டான்.

சங்கத் தலைவர் சிரிக்கவில்லை. "இருக்கிறவன் பொண்டாட்டின்னா பட்டறையைச் சாத்து. இல்லாதவன் பொண்டாட்டின்னா படிக்கிற மாதிரி செதுக்கிட்டு வாம்மா," என்றார். மார்ட்டின் திருநாள்வரை தவணை.

தப்பான எழுத்துகளை வெட்டியெடுத்து, அந்த இடத்தில் பேரிமரத் துண்டொன்றைப் பொருத்தியிருக்கிறேன். வழவழப்பாக இருக்கிறது. உளியை எடுப்பதும் வைப்பதுமாக நாட்கள் போகின்றன.

இன்று காலை கோயிலில் இறந்தவர்களின் பெயர்களை வாசித்தார்கள். உங்கள் பெயரையும் சேர்க்கவா என்று பாதிரியார் மெதுவாகக் கேட்டார். காது கேளாதவள்போல் நின்றேன்.

மார்ட்டின் திருநாளுக்கு இன்னும் ஒன்பது நாள். அதற்குள் நீங்கள் வந்து சேர முடியாது, தெரியும். இந்தக் கடிதம்கூட மலையைத் தாண்டியிருக்காது. ஆனாலும் எங்கே இருந்தாலும் கடவுள் உங்களைக் குளிரில் விடாமல் காக்கட்டும். ஒன்பதாம் நாள் அந்தச் சொல்லைப் பிழையில்லாமல் செதுக்கப்போகும் என் கையை மன்னியுங்கள்.

உங்கள் மனைவி,
வால்புர்கா