ஏழுமலையின் நூற்று மூன்று

பிப்ரவரி 1, ஞாயிறு. பௌர்ணமி.

நல்ல பனி. மலை உச்சி ஒன்பது மணிக்கு மேல்தான் தெரிந்தது. ஆறரைக்கே வற்றிய ஏரிக்குள் போய்ப் பிட்ச் அளந்தேன். இருபத்திரண்டு கஜம், சுத்தமாக. சர்வேயர் வேலையால் கிரிக்கெட்டுக்கு ஆன ஒரே உபயோகம்.

டவுன் அணிக்கும் அடி அண்ணாமலைக்கும் தகுதி ஆட்டம், இருபது ஓவர். எங்கள் சங்கத்தில் அணிகள் இரண்டு தரம். முதல் தரத்துக்குக் கூட்டத்தில் ஓட்டு உண்டு, மாவட்டக் கோப்பைக்கு நேரே போகலாம். இரண்டாம் தரத்துக்கு இரண்டும் கிடையாது. முதல் தர அணி ஒன்றை அங்கீகரிக்கப்பட்ட ஆட்டத்தில் ஜெயித்தால் மேலே வரலாம். செயலாளர் என்ற முறையில் விதிகளை எழுதியவன் நான். உலக கிரிக்கெட்டைப் பார்த்து எழுதியது. அங்கே டெஸ்ட் ஆடும் தகுதி பன்னிரண்டு நாட்டுக்குத்தான். ஐம்பது ஓவர் தகுதி சின்ன நாடுகளுக்கு வரும், தோற்றால் போகும். இதையெல்லாம் டீக்கடையில் மணிக்கணக்காகச் சொல்வேன்.

இரண்டாவது அம்பயர் வரவில்லை. போலீஸ்காரர். கிரிவல பந்தோபஸ்து. இரண்டு கேப்டன்களும் அம்பயராக நான் ஒருவனே போதும் என்றார்கள். எப்போதும் நடப்பதுதான்.

தேதி வைத்தது தயாளன். டவுன் கேப்டன், என் மனைவியின் தம்பி. அடி அண்ணாமலை ஆட்கள் பாதிப் பேர் கிரிவலப் பாதையில் கடை போடுகிறவர்கள், பௌர்ணமியன்று வரமாட்டார்கள் என்பது அவன் திட்டம். எனக்கும் தெரியும். தெரிந்துதான் நோட்டீஸ் அனுப்பினேன்.

பதினோரு பேரும் வந்துவிட்டார்கள். கேப்டன் ஏழுமலை இளநீர் வண்டியைப் பெண்டாட்டியிடம் விட்டுவிட்டு வந்தான். முப்பத்தெட்டு வயது. வலது முட்டியில் கட்டு. இந்த வருடத்தோடு ஆட்டத்தை நிறுத்தப் போகிறானாம்.

டவுன் 141. அடி அண்ணாமலை நாலு விக்கெட்டுக்கு 145. ஏழுமலை 103, அவுட் இல்லை. அவன் ஆயுசில் முதல் நூறு. கடைசிப் பந்து வேலிக்காத்தான் புதருக்கு அந்தப் பக்கம் போய் விழுந்தது. அம்பயர் கைதட்டக் கூடாது. தட்டிவிட்டேன்.

ஸ்கோர் ஷீட்டில் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தேன். தயாளன் பக்கத்தில் வந்து நின்றான்.

"மாமா, ரூல் ஒன்பது என்னா சொல்லுது?"

ஒன்பது: இரண்டு அம்பயர் இல்லாத ஆட்டம் அங்கீகாரம் பெறாது. பேனாவைப் பையில் போட்டுக்கொண்டேன்.

பிப். 2, திங்கள்.

கேஸ் சிலிண்டர் புக் பண்ணியாச்சு. செங்கம் ரோட்டில் ஒரு அளவை, எல்லைக்கல் தகராறு. இரு தரப்பும் என்னையே முறைத்தார்கள்.

மத்தியானம் சங்கத்தின் வாட்ஸ்அப்பில் போட்டேன்: "விதி 9-இன்படி நேற்றைய ஆட்டம் நட்பு ஆட்டமாகக் கருதப்படும்." அடி அண்ணாமலை பக்கமிருந்து பதில் இல்லை. தயாளன் கும்பிடு அனுப்பினான். விதி விதிதானே என்று நாள் முழுக்க எனக்கே சொல்லிக்கொண்டேன். அத்தனை தடவை சொல்ல வேண்டியிருந்தது.

பிப். 3, செவ்வாய்.

ஏழுமலை ஆபீசுக்கே வந்துவிட்டான். சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தியிருந்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

நான் பிரசங்கம் ஆரம்பித்தேன். ஆப்கானிஸ்தானைப் பார், அகதி முகாமில் ஆட்டம் கற்றவர்கள், ஐந்தாவது டிவிஷனிலிருந்து படிப்படியாக ஏறி டெஸ்ட் தகுதி வாங்கினார்கள், பொறுமை வேண்டும், இத்யாதி. முழுக்கக் கேட்டான்.

"அவங்க ஜெயிச்ச மேட்ச, யாராவது அது மேட்சே இல்லன்னு சொன்னாங்களா சார்?"

பக்கத்து மேஜையில் டைப் அடிக்கும் சத்தம் நின்றுவிட்டது. 

பிறகு அவனே இறங்கி வந்தான். "தகுதி போவட்டும் சார். அந்த நூற மட்டும் எழுதி, கையெழுத்துப் போட்டு ஒரு ஜெராக்ஸ் குடுங்க. லேமினேசன் போட்டு வண்டில மாட்டிக்கிறேன்."

அங்கீகாரம் இல்லாத ஆட்டத்தின் ரன் உலகத்திலேயே எந்தப் பட்டியலிலும் ஏறாது என்று சொன்னேன். இப்படி ஒரு பதிலை என் வாய் சொன்னது. சரிங்க சார் என்று போய்விட்டான். நடையில் நொண்டல் ஜாஸ்தி.

பிப். 5, வியாழன்.

பி.பி. மாத்திரை தீர்ந்தது. ஸ்கூட்டர் பின் டயர் காற்று. மின்கட்டணம்.

சங்கத்தின் பழைய ஃபைலை எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று தெரியாது. தெரியும். நாலு வருடத்துக்கு முன் டவுன் அணியும் இரண்டாம் தரத்தில்தான் இருந்தது. கீழ்பென்னாத்தூரை ஜெயித்து முதல் தரத்துக்கு வந்தது. அந்த ஷீட்டில் அம்பயர் என்ற இடத்தில் ஒரே கையெழுத்து. என்னுடையது. அன்றைக்கும் விதி ஒன்பது இருந்தது. அதை எழுதியவனும் நானே.

வெட்கமாக இருக்கிறது. வேறு வார்த்தை தேடிப் பார்த்தேன், இல்லை.

இன்னொன்று. இருபது ஓவர் ஆட்டத்தில் இப்போது உலக வாரியமே கதவைத் திறந்துவிட்டது. உறுப்பு நாடுகள் எந்த இரண்டு மோதினாலும் அது சர்வதேச ஆட்டம். பெயர் கேள்விப்படாத நாட்டுக்காரன் பாய் விரித்த பிட்சில் நூறு அடித்தாலும், உலக சாம்பியன் அடித்த நூறு இருக்கும் அதே பட்டியலில் ஏறும். இது எனக்குத் தெரியாததல்ல. செவ்வாய்க்கிழமை ஏழுமலையிடம் சௌகரியமாக மறந்துவிட்டேன்.

பிப். 7, சனி.

மல்லிகாவிடம் சொன்னேன். வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள். தயாளன் அவள் தம்பியாயிற்றே, அவளுக்கு மனக்கஷ்டம் வரக்கூடாதென்றுதான் பேசாமல் இருந்தேன் என்றேன்.

"ஏங்க, அத என் தலையில போடாதீங்க. நான் கேக்கல. உங்களுக்கு டவுன்ல நாலு பேர் சார் சார்னு சொல்லணும், அவ்ளோதான்."

வெங்காயத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவள் சொன்னது சரி.

நாளைக்குச் சங்கக் கூட்டம். கடிதம் எழுதிவிட்டேன், ஒரு பக்கம். அந்தப் பழைய ஷீட்டின் நகலும் சேர்த்து. ஒன்று, அந்த இரண்டு ஆட்டமும் செல்லும்; அல்லது இரண்டுமே செல்லாது. நானே வாசித்துவிட்டுச் செயலாளர் பதவியை விடுகிறேன்.

இதுவரை ஏழுமலையை அவன், இவன் என்று எழுதியிருக்கிறேன். என்னைவிடப் பத்து வயதுகூடச் சின்னவர் இல்லை. இனிமேல் அவர்.

பிப். 8, ஞாயிறு.

வெயில் ஆரம்பித்துவிட்டது. கூட்டம் பதினொரு மணிக்கு. போண்டா, டீ. கடிதம் சட்டைப் பையில்.

நான் எழுந்திருக்கும் முன்பே தயாளன் எழுந்தான். அடி அண்ணாமலை நல்ல அணி, விளையாட்டு வளரவேண்டும், கருணை அடிப்படையில் இந்த வருடமே முதல் தரம் கொடுத்துவிடலாம் என்றான். போன ஞாயிறு ஆட்டத்தைப் பற்றி மட்டும் மினிட்ஸில் ஒரு வரியும் வேண்டாம். டவுன் தோற்றதாக எங்கேயும் இருக்கக்கூடாது, அதுதான் விஷயம். "மாமாவே முன்மொழியட்டும்" என்று உட்கார்ந்தான்.

எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். பெரிய மனசு சார் உங்களுக்கு என்றார் ஒருவர்.

பையில் கை வைத்தேன். காகிதம் தட்டுப்பட்டது. நியாயம்தான் எப்படியும் நடந்துவிட்டதே என்று தோன்றியது. முன்மொழிந்தேன். கைதட்டினார்கள். மினிட்ஸ் என் கையெழுத்திலேயே: "கருணை அடிப்படையில்."

ஜெயித்து வாங்கினார்கள். பிச்சை போட்டதாக எழுதிக் கொடுத்தேன்.

பிப். 9, திங்கள்.

ஒரு அளவைக்கு அடி அண்ணாமலை வழியாகப் போனேன். வேறு வழியில் போயிருக்கலாம். போகவில்லை.

வண்டியிலிருந்து ஏழுமலை பார்த்துவிட்டார். ஓடி வந்தார், அந்த முட்டியோடு. சார்தான் பேசி வாங்கிக் கொடுத்ததாகத் தயாளன் சொன்னானாம். பெண்டாட்டியைக் கூப்பிட்டு, இவர்தான் அந்த சார் என்று காட்டினார். அந்த அம்மா கும்பிட்டது. இருப்பதிலேயே பெரிய இளநீராக ஒன்றை எடுத்துச் சீவினார். காசு வாங்கவில்லை. குடித்தேன். முழுக்கக் குடித்தேன். வழுக்கையும் வெட்டிக் கொடுத்தார், தின்றேன்.

கிளம்பும்போது குரலை இறக்கிக் கேட்டார். "சார், அந்த நூறு?"

"எழுதி வெச்சிருக்கேன்."

"அது போதும் சார்."

வீட்டுக்கு வந்து இதில் எழுதுகிறேன். ஏழுமலை, அடி அண்ணாமலை, 103, அவுட் இல்லை. கீழே அம்பயர் என்று போட்டுக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். இந்த நோட்டை யாரும் பார்க்கமாட்டார்கள். அதனால்தான் போட்டேன்.