வாய் தவறி வந்த அத்தை

அன்புள்ள என்னவருக்கு,

இங்கே எல்லோரும் சுகம். சின்னவளுக்குச் சளி குறைந்துவிட்டது. குழாய் ரிப்பேர்காரர் இன்னும் வந்தபாடில்லை, சமையலறையில் வாளி வைத்துச் சமாளிக்கிறேன். போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறாய் என்று கேட்பீர்கள். போனில் நீங்கள் முதலில் கத்துவீர்கள், பிறகுதான் கேட்பீர்கள். அதனால்தான்.

விஷயம் மாமாவைப் பற்றியது. பயப்படாதீர்கள், உடம்புக்கு ஒன்றுமில்லை. பஸ் ஓட்டியவர் ரிட்டயரான பிறகும் ரூட்டை விடவில்லை என்று கிண்டல் செய்வீர்களே, அப்படித்தான் தினமும் காலையில் "ட்ரிப் போயிட்டு வர்றேம்மா" என்று ஏரிப் பாதைக்குக் கிளம்பிவிடுவார். குறுக்கே சைக்கிள் வந்தால் கை காட்டி நிறுத்துவாராம். முன்பெல்லாம் படகுத்துறைவரை போய், சின்னவள் பள்ளிக்குக் கிளம்புவதற்குள் திரும்பிவிடுவார். இப்போது மதியமாகிறது. வழி மறந்துவிடுகிறாரோ என்று எனக்குப் பயம். சனிக்கிழமை பின்னாலேயே போனேன்.

படகுத்துறை தாண்டியதும் பாதை தெருவுக்குள் புகுந்து மறுபடி கரைக்கு வருமே, அங்கே மரப்பாலத்தில் ஓர் அம்மா நின்றிருந்தார். ரிட்டயரான நர்ஸ். கணவர் இல்லை. நகரத்தின் அந்தக் கோடியில் வீடு. அவர் அங்கிருந்து நடக்க, மாமா இங்கிருந்து நடக்க, நடுவில் சந்திக்கிறார்கள். நான் மறைந்து நிற்பதற்குள் மாமா பார்த்துவிட்டார். திருட்டு முழி முழித்தது நான்தான். "என் மருமக" என்று பெருமையாக வேறு சொன்னார். "மாத்திரையெல்லாம் நேரத்துக்குப் போடுறாரா?" என்று அந்த அம்மா என்னிடமே விசாரித்தார். எனக்குக் கோபப்படுவதா சந்தோஷப்படுவதா என்று புரியவில்லை. இரண்டும் மாறி மாறி வந்தன.

கிளம்பும்போதுதான் வினை. "வரட்டுமா அத்தை?" என்று சொல்லிவிட்டேன். உங்கள் அம்மா போன பிறகு அந்தச் சொல்லை நான் யாரிடமும் சொன்னதில்லை. எப்படி வந்தது என்று சத்தியமாகத் தெரியாது. மாமா ஏரிப் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த அம்மா மட்டும், "போயிட்டு வாம்மா" என்றார்.

அன்று சாயங்காலம், அந்த அம்மாவைக் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்படுவதாக மாமா சொன்னார். "நீ அத்தைன்னு கூப்பிட்டியா, அதான் கேக்க தைரியம் வந்துச்சு. அவன்கிட்ட நீயே சொல்லும்மா" என்றார். வாய் தவறிப்போச்சு மாமா என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்ல முடியவில்லை. தவறித்தான் வந்ததா என்று எனக்கே இப்போது சந்தேகம். உங்கள் அம்மாவை நினைத்தால் அழுகை வருகிறது. பாலத்தில் மாமா சிரித்ததை நினைத்தாலும் அழுகைதான் வருகிறது.

நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று தெரியும்வரை ஏரிப் பாதைக்கே போகமாட்டேன் என்று மாமா வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். இருவரும் போன் நம்பர்கூட வாங்கிக்கொள்ளவில்லையாம். அந்த அம்மா தினமும் பாலம்வரை வந்து பார்த்துவிட்டுத் திரும்புகிறாரோ என்னவோ. நானே போய்ச் சொல்லலாம். போனால் அவரை என்னவென்று கூப்பிடுவது?

சரி என்றோ கூடாது என்றோ இப்போதே சொல்ல வேண்டாம். அதை நீங்கள் வந்த பிறகு பேசிக்கொள்ளலாம். இந்தக் கடிதம் கிடைத்ததும் மாமாவுக்கு ஒரு போன் போட்டு, "வெயிலுக்கு முன்னாடி நடந்துட்டு வாங்கப்பா" என்று மட்டும் சொல்லுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் போனுக்காகக் காத்திருக்கும்,
சின்னவளின் அம்மா