வக்கீல் ஐயா வண்டியின் முன் பம்பர்

மார்ச் 8, 1960, செவ்வாய்

பதினெட்டு வருஷமாக வக்கீல் நாகபூஷணம் ஐயாவின் வண்டியை ஓட்டுகிறேன். ஒரு கீறல் விழுந்ததில்லை. நேற்று விழுந்தது. கீறல் என்று எழுதுவதே பொய். முன் பம்பரின் இடது பாதி உள்ளே மடங்கி டயரைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது.

காணிப்பாக்கத்தில் சாமி பார்த்துவிட்டுச் சித்தூருக்குத் திரும்பும்போது பொழுது சாய்ந்திருந்தது. வளைவில் இருக்கும் சின்னப் பாலத்தின் பக்கச்சுவரில் இடித்துவிட்டேன். பின் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த ஐயா விழித்து, "என்னப்பா ஆச்சு?" என்றார்.

"நாய் ஒண்ணு குறுக்க வந்துடுச்சுங்க ஐயா."

"நாய்க்கு அடி கிடி படலையே?" என்று மட்டும் கேட்டார். அப்படிப்பட்ட மனிதர்.

நாய் எதுவும் வரவில்லை.

மார்ச் 9, புதன்

பம்பரைக் கடப்பாரையால் நெம்பி, கயிறு போட்டுக் கட்டி, ஐயாவைத் திருப்பதிக்கு அழைத்துப் போனேன். அவருக்கு அங்கே ஒரு கேஸ். அவர் கோர்ட்டில் இருந்த நேரத்தில் நான் ரங்கையாவின் பெயிண்ட் ஷெட்டுக்குப் போனேன். பஸ், லாரி, கார் எதுவானாலும் இந்தப் பக்கத்தில் அவர் கைக்கு மிஞ்சின ஆள் இல்லை என்பார்கள்.

இந்த ஹில்மன் காரின் பம்பருக்கு இருந்த பளபளப்பு முலாம் யுத்த காலத்திலேயே உரிந்து போய்விட்டது. அதற்குப் பிறகு வண்டியோடு சேர்த்துக் கறுப்புப் பெயிண்ட்தான். அதனால் அடித்து நிமிர்த்திப் பூசினால் போதும். ஆனால் ரங்கையா முடியாது என்று தலையை ஆட்டிவிட்டார். அவர் பேச்சில் பாதி தெலுங்கு. ஷெட் வாசலில் மூன்று பஸ் நின்றது.

"நேனு ஸ்ப்ரே பண்றது அர நாளு வேல. தட்டறது, தேய்க்கறது, லப்பம் வெக்கறது, அதுதான் பத்து நாளு. எனக்கு மனுஷங்க லேரு, ஆள் இல்ல."

லப்பம் என்று அவர் சொல்வது நாம் சொல்லும் பட்டிதான். குழியை நிரப்பும் பூச்சு.

"அதை எல்லாம் நான் பண்ணிக் கொண்டாந்தா?"

என்னை மேலும் கீழும் பார்த்தார். "டிரைவரு பண்ற வேல இல்லப்பா அது. சரி, இருபத்தாறாம் தேதி எடுத்துக்கினு ரா. நல்லா உண்ட்டே பூசறேன். இல்லேன்னா திருப்பி எடுத்துக்கினு போ."

இருபத்தாறு. ஐயாவுக்கு ஏப்ரல் முதல் தேதிக்குள் வண்டி வேண்டும். அன்றைக்குத் திருத்தணி ஆந்திராவிலிருந்து பிரிந்து மெட்ராஸ் ராஜ்யத்தோடு சேருகிறது. அவருக்குச் சொந்த ஊர் திருத்தணி. அன்றே குடும்பத்தோடு அங்கே போய்விடுவது என்று முடிவு செய்திருக்கிறார். இடிந்த வண்டியில் ஊருக்குள் நுழைவாரா? நுழைய விடமாட்டேன்.

மார்ச் 10, வியாழன்

போல்ட் நாலும் துருவில் செத்துக் கிடந்தன. காலையில் மண்ணெண்ணெய் ஊற்றி ஊற வைத்தேன். சாயங்காலம் மூன்று கழன்றது. நாலாவது வரவில்லை. உளியால் வெட்டி எடுத்தேன்.

மார்ச் 13, ஞாயிறு

மணல் மூட்டையின் மேல் பம்பரைக் கவிழ்த்து வைத்து மரச்சுத்தியால் தட்டினேன். இரும்புச் சுத்தியால் தட்டினால் ஒரு பள்ளம் போய் பத்துப் பள்ளம் வரும். மடிப்பின் ஓரத்திலிருந்து நடுவுக்கு வரவேண்டும், அவசரப்படக் கூடாது. காளைக்கு லாடம் அடிப்பவனைப் போல வியர்த்துக் கொட்டினேன். மத்தியானத்துக்குள் பம்பர் பம்பராகிவிட்டது.

என் பெண்சாதி கிருஷ்ணம்மா சோற்றுத் தட்டோடு வந்து நின்றாள். "இன்னாய்யா, காலைலேந்து இரும்போட மல்லுக்கட்டிக்கினு இருக்கியே. துன்னுட்டு அடி."

"என்னால முடியும்னு அந்த ரங்கையாவுக்குக் காட்டணும்டி."

"உன்னால முடியாதுன்னு யாரு சொன்னா? சோறு ஆறிப்போவுது."

மார்ச் 15, செவ்வாய்

பழைய பெயிண்டைச் சுரண்டி முடித்தேன். ஐந்து பூச்சு இருந்தது. கறுப்பு, கறுப்பு, நடுவில் யாரோ அடித்த பச்சை, மறுபடி கறுப்பு, அடியில் சாம்பல். உப்புத்தாள் போட்டு வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்தேன். பெட்ரோல் துணியால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தேன். உடனே ரெட் ஆக்சைடு பூசினேன். வெறும் இரும்பை ஒரு ராத்திரி விட்டாலும் துரு மறுபடி வந்துவிடும்.

விரல் நுனி பத்தும் எரிகிறது. பேனா பிடிக்கவே கஷ்டம். ஆனாலும் சந்தோஷம்.

மார்ச் 17, வியாழன்

முட்டாள்தனம் செய்தேன். பட்டியை ஒரே தடவையில் கனமாக அப்பிவிட்டேன். காய்ந்ததும் ஏரித்தரை மாதிரி வெடித்துவிட்டது. முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி ஆரம்பம். இந்தத் தடவை மெல்லிசாக, ஒரு பூச்சு காய்ந்த பிறகே அடுத்தது.

கெட்டது ஒரு நாள்தான். இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.

மார்ச் 19, சனி

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எனக்குத்தானே எழுதுகிறேன். யாருக்குப் பயம்?

பட்டி மட்டமாக இருக்கிறதா என்று பார்க்கக் கரித்தூள் தடவித் தேய்ப்பார்கள். மேடு வெளுத்துவிடும், பள்ளத்தில் கரி நிற்கும். நானும் தடவினேன், தேய்த்தேன். முழுக்கச் சுத்தமாகத்தான் இருந்தது. கிருஷ்ணம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"இங்க கறுப்பு நிக்குதே. இங்கயும். தோ இங்கயும்," என்றாள்.

குனிந்து பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை. நட்ட நடுப்பகல்.

அவள் கரியைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "காணிப்பாக்கம் ரோட்டுல நாய் வந்துச்சா?"

"ஏன் கேக்கற?"

"வந்துச்சா, வர்லியா?"

"வர்ல. போதுமா? பாலமே தெரியல எனக்கு. புகை போட்ட மாதிரி இருந்துச்சு. ஒரு வருஷமா இப்படித்தான் இருக்கு, வெயில் எதிர்ல அடிச்சா இன்னும் மோசம்." எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கோபமாகத்தான் சொன்னேன். அவள் மேல் என்ன கோபம்?

அவள் அழவில்லை. "ஐயா கிட்ட சொல்லிடு," என்றாள்.

சொன்னால் வேலை போய்விடும். ஐம்பத்தோரு வயதில் நான் வேறு என்ன செய்வேன்?

மார்ச் 20, ஞாயிறு

கண்ணால் பார்க்க முடியாவிட்டால் என்ன, கை இருக்கிறதே என்று உட்கார்ந்தேன். வெறும் கையால் தடவினால் தோல் இழுக்கிறது. ஒரு மெல்லிய மல் துணியை உள்ளங்கைக்கு அடியில் போட்டுக் கண்ணை மூடித் தடவினேன். ஆச்சரியம்! ஒவ்வொரு பள்ளமும் மேடும் அப்படியே தெரிந்தது. கிருஷ்ணம்மா காட்டாத இடத்தில்கூட இரண்டு கண்டுபிடித்தேன். மூடின கண்ணோடு ஒரு மணி நேரம் தேய்த்தேன். இவ்வளவு நிம்மதியாக நான் வேலை செய்து ரொம்ப நாளாகிறது.

சாயங்காலம் ஐயா கூப்பிட்டார். "அப்பாவு, நீயும் திருத்தணிக்கு வந்துடு. பின்கட்டுல ரெண்டு ரூம் காலியா இருக்கு. வேற டிரைவர் வெச்சுக்க எனக்கு மனசில்லை."

சரிங்க ஐயா என்றேன். கண்ணைப் பற்றிச் சொல்லவில்லை.

மார்ச் 24, வியாழன்

மரக்கட்டையில் வாட்டர் பேப்பர் என்கிற உப்புத்தாளைச் சுற்றித் தண்ணீர் விட்டு இழைத்தேன். மறுபடி ஒரு கை ரெட் ஆக்சைடு. மறுபடி இழைப்பு. வேலை முடிந்தது. முட்டை ஓடு மாதிரி இருக்கிறது.

மார்ச் 26, சனி

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

விடிந்ததும் பம்பரைக் கிருஷ்ணம்மாவின் பழைய புடவையில் சுற்றிப் பின் சீட்டில் படுக்க வைத்துக்கொண்டு தனியாகக் கிளம்பினேன். பாகாலா தாண்டியதும் வெயில் நேர் எதிரே அடித்தது. கண்ணாடி முழுக்க வெள்ளை. மெதுவாகத்தான் போனேன். திடீரென்று ஒரு கூச்சல். பிரேக்கை மிதித்தேன். வண்டி நின்ற இடத்திலிருந்து ஒரு முழத்தில் புல்கட்டு சிதறிக் கிடந்தது. ஒரு பெண் ரோட்டோரப் பள்ளத்திலிருந்து எழுந்து வந்தாள். அடி இல்லை. முழங்கையில் சிராய்ப்பு மட்டும்.

"கண்ணு தெர்லியா உனக்கு?" என்று கத்தினாள்.

வண்டி ஓட்டுகிறவனைப் பார்த்து எல்லாரும் கேட்பதுதான். நாமும் பதிலுக்குக் கத்துவோம். நான் கத்தவில்லை.

"தெர்லம்மா," என்றேன்.

இரண்டு பேரும் சேர்ந்து புல்லைக் கட்டினோம். தூக்கி அவள் தலையில் வைத்தேன். "அப்ப ஏன்யா ஓட்டற?" என்று மெல்லக் கேட்டுவிட்டுப் போனாள்.

திருப்பதிவரை மாட்டுவண்டிக்குப் பின்னாலேயே போனேன்.

ரங்கையா பம்பரை வாங்கி வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீளவாக்கில் பார்த்தார். அப்புறம் உள்ளங்கையை ஓட்டினார். ஒரு தடவை, இரண்டு தடவை. இடது பாதியில் நின்றார். மறுபடி ஓட்டினார்.

"எவரு சேசினாரு?"

"நான்தான்."

"எந்த ஷெட்ல வேல பார்த்தே?"

"எந்த ஷெட்லயும் இல்ல. ஸ்டீரிங் புடிச்ச கை."

"இடிச்சது எந்தப் பக்கம்னு எனக்கே தெர்லயே," என்று சிரித்தார்.

வண்டிச் சாவியை அவர் கையில் கொடுத்தேன். "பூசினதும் உங்க ஆள் ஒருத்தரை விட்டு வண்டியைச் சித்தூருக்கு அனுப்புங்க. நான் பஸ்ல போறேன்," என்றேன். ஏன் என்று கேட்டார். சொன்னேன். இன்றைக்கு இரண்டாவது தடவை. கொஞ்சம் சுலபமாக வந்தது.

பம்பரைச் சுவரோரம் சாய்த்து வைத்தார். "கண்ணுக்கு ஆபரேஷன் இருக்கு. இந்த மாதிரி கைக்கு நேனு எங்க போவேன்? ஆலோசிஞ்சு செப்பு."

மார்ச் 27, ஞாயிறு

ஐயாவிடம் சொல்லிவிட்டேன். நாய் வரவில்லை என்பதிலிருந்து புல்கட்டுக்காரிவரை.

நான் நினைத்தபடி அவர் பெருந்தன்மையாகச் சிரிக்கவில்லை. முகம் சிவந்துவிட்டது. "போன மாசம் கமலாவையும் குழந்தைகளையும் வேலூருக்குக் கூட்டிக்கிட்டுப் போனியே. அப்பவும் உனக்குக் கண் தெரியாதா?"

"கொஞ்சம் தெரியாதுங்க ஐயா."

"தெரிஞ்சே ஓட்டினியா?"

பாலத்தில் இடித்தது என் கண்ணின் தப்பு. அதற்கு முன்னால் ஒரு வருஷம் ஓட்டியது என் தப்பு. அதையும் சொன்னேன். அவர் எழுந்து உள்ளே போய்விட்டார்.

மார்ச் 29, செவ்வாய்

ரங்கையாவின் ஆள் வண்டியைக் கொண்டுவந்து விட்டான். பம்பரில் என் முகம் தெரிகிறது. நானே மாட்டினேன், நாலு புது போல்ட்.

ஐயாவின் சம்சாரம் கமலம்மா வெளியே வந்து பார்த்தார்கள். "புதுசு மாதிரி இருக்கு அப்பாவு," என்றார்கள். ஐயா ஜன்னலில் நின்றிருந்தார்.

ஏப்ரல் 1, வெள்ளி

இன்றிலிருந்து திருத்தணி வேறு ராஜ்யம். ஐயா குடும்பம் பத்து மணிக்குக் கிளம்பியது. ஸ்டீரிங்கில் எத்திராஜ் என்று ஒரு பையன், இருபத்தைந்து வயது இருக்கும். கிளட்ச் கொஞ்சம் இழுக்கும், இரண்டாவது கியரில் அவசரப்படாதே என்று சொல்லிக் கொடுத்தேன்.

ஐயா ஏறுவதற்கு முன் ஒரு கவரை நீட்டினார். வேலூர் கண் டாக்டருக்குக் கடிதம். "கோபம் போகல. ஆனா கண்ணைக் காட்டு. இந்த மாசமே," என்றார்.

"சரிங்க ஐயா."

"வந்து சொல்லிட்ட. அதுவரைக்கும் நல்லது."

வண்டி திரும்பி ரோட்டில் மறையும்வரை நின்றேன். எனக்குச் சீக்கிரமே மறைந்துவிட்டது. கிருஷ்ணம்மாதான் இன்னும் போகிறது, இன்னும் போகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஏப்ரல் 4, திங்கள்

ரங்கையாவுக்குக் கார்டு போட்டேன். வருகிறேன் என்று.

ஜூன் 20, திங்கள்

திருப்பதிக்குக் குடி வந்து ஐந்து வாரம். வலது கண்ணில் ஆபரேஷன் ஆகிவிட்டது. சோடா பாட்டில் அடி மாதிரி ஒரு கண்ணாடி. இடது கண் தீபாவளிக்கு அப்புறம். வண்டி ஓட்டுவதில்லை. கேட்கிறவர்களிடம் ஓட்டுவதில்லை என்று நேராகவே சொல்லிவிடுகிறேன்.

இன்று ரங்கையா ஷெட்டுக்கு ஒரு பஸ் முதலாளி வந்து குதித்தார். நாளைக்கே பெயிண்ட் அடித்து வண்டியை ரோட்டில் விடவேண்டுமாம். ரங்கையா என்னைப் பார்த்தார். நான் போய் பஸ்ஸின் முகப்பு முழுவதும் ஒரு தடவை தடவிவிட்டு வந்தேன். விளக்குக்குக் கீழே இரண்டு இடம் இன்னும் மேடாக இருந்தது.

"வியாழக்கிழமை," என்றேன்.

முதலாளி ரங்கையாவிடம் கத்த ஆரம்பித்தார். ரங்கையா சாக்கட்டியை எடுத்துக் கரும்பலகையில் பஸ் நம்பரை எழுதினார். பக்கத்தில் வியாழன் என்று எழுதினார்.