அப்பாவுக்கு நீ போட்ட ஒற்றைச் சொல்

எஸ்பியர், ஞாயிறு

அன்புள்ள யெப்பெக்கு,

அம்மா எழுதுவது. நான் நலம், முழங்கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. ஆக்லாந்தில் நீயும் கீர்ஸ்டினும் சுகமாய் இருக்க வேண்டும். உன் அப்பா நலமில்லை, என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதுமில்லை, அதற்குப் பாதிக் காரணம் நீ. போனில் நம் குடும்பக் குழுவில் எழுதவே இப்போது பயமாய் இருக்கிறது, அதனால்தான் இந்த மின்னஞ்சல்.

புதன்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் குழுவில் இரண்டு செய்தி போட்டேன். அப்பாவின் கை கால்களில் தோலுக்கடியில் இருக்கவேண்டிய கொழுப்பு கரைந்துபோகிற அபூர்வ நோய், அதனால்தான் சர்க்கரை அடங்கவில்லை என்று முதலாவது. அதற்கு மருந்து இருக்கிறது என்று இரண்டாவது. நீ இரண்டாவதைப் படித்துவிட்டு முதலாவதன் கீழே "ஃபெட்" என்று போட்டாய். நம் மொழியில் அந்த ஒரே சொல்லுக்குக் கொழுப்பு என்றும் பொருள், பிரமாதம் என்றும் பொருள். பிரமாதம் என்றுதான் சொல்ல வந்தாய், எனக்குத் தெரியும். அவர் அதைக் கொழுப்பு என்றும் படித்தார், பிரமாதம் என்றும் படித்தார், இரண்டுமே சுட்டது. "என் உடம்புல இல்லாதத சொல்லி எம் புள்ளையே நக்கல் பண்றான் பாத்தியா" என்று போனைக் கவிழ்த்து வைத்தவர்தான். வரும் செவ்வாய்க்கிழமை அந்த மருந்தின் முதல் ஊசி. "நான் வரல, வேணும்னா நீ போய்க் குத்திக்க" என்கிறார். டாக்டர் குரூ எவ்வளவு பொறுமையாய்ச் சொன்னாள் தெரியுமா, "கொழுப்பு சும்மா தொங்குற சதை இல்ல பிரேபென், அதுவும் லெப்டின்னு ஒரு ஹார்மோன சுரக்குது, உங்களுக்கு அது ரொம்பக் கம்மி, அதான் இன்சுலின் எவ்வளவு போட்டாலும் எடுபடல, அந்த லெப்டினையே ஊசியா கொடுத்துப் பாப்போம்" என்று. தொப்பை உள்ள சர்க்கரைக்காரர்களுக்கு இது பலிக்காதாம், இவரைப் போன்றவர்களுக்குத்தான் கேட்குமாம். ஏற்கெனவே ஒரு கண் மங்கிவிட்டது, இந்த மனுஷன் வீம்பு பிடித்து உட்கார்ந்திருக்கிறார்.

உன்னை மட்டும் திட்டி என்ன பயன். பதினோரு வருடமாய் இங்குள்ள நர்ஸ் "ஒளிச்சு வச்சு என்ன திங்கிறீங்க" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் மட்டும் விட்டேனா? கேக்கைப் பூட்டி வைத்தேன். அவர் கோட்டுப் பையில் பேக்கரிக் காகிதம் தேடினேன், ஒருநாளும் ஒன்றும் கிடைக்கவில்லை, ஆனாலும் அவரை நம்பவில்லை.

நீங்கள் இருவரும் நல்லாய் இருங்கள், குளிரில் வெறுங்கழுத்தோடு திரியாதே. செவ்வாய்க்கு முன்னால் அப்பாவைக் கூப்பிடு, எழுதாதே, வாயால் பேசு. உன்மேல் உள்ள கோபத்தையாவது அவர் வெளியே சொல்கிறார், என்மேல் உள்ளதை ஒருநாளும் சொன்னதில்லை. "நீங்க எதையும் ஒளிச்சுத் திங்கல" என்று நானும் இன்னும் அவரிடம் சொல்லவில்லை. அவர் பக்கத்து அறையில்தான் இருக்கிறார், இதோ எழுந்து போகிறேன்.

உன் அம்மா,
லிஸ்பெத்