தாய்க்கூண்டில் விட்ட குஞ்சு

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் கைக்குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே எனக்கும் அம்மாவுக்கும் உடம்புக்குக் குறைவில்லை, அவளுக்கு முழங்கால் வலி மட்டும் வழக்கம்போல, மருந்தைக் கொடுத்தால் என்னைத் திட்டிக்கொண்டே குடிக்கிறாள். உன் மூத்தவள், நம் வாண்டு, அவளுக்கும் காய்ச்சல் கீய்ச்சல் இல்லை, ஆனால் சில நாளாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை. போனில் சொன்னால் நீ அழுவாய், நான் கத்துவேன், விஷயம் பாதியில் நின்றுவிடும், அதனால் எழுதுகிறேன்.

மாடியில் நான் பட்ஜிக் கிளிகள் வளர்ப்பது தெரியுமல்லவா, பெரிய கூண்டில் மண்பானைகளுக்குள் முட்டை வைக்கிற ஜோடிகள், பக்கத்துச் சின்னக் கூண்டில் குஞ்சுகள் மட்டும். தானாகத் தினை கொத்தத் தொடங்கியதும் குஞ்சை மாற்றிவிடுவேன். அதற்குள் தாய் அடுத்த முட்டைக்கு உட்கார்ந்துவிடும், பழைய குஞ்சு பானைக்குள் தலையை நீட்டினால் சும்மா விடாது. இதையெல்லாம் வாண்டுக்கு யார் சொன்னார்கள், கூண்டைத் தொடாதே என்று அதட்டியதோடு சரி. போன வாரம் நீ அம்மாவிடம், 'ரெண்டு பேரையும் என்னால சமாளிக்க முடியாதும்மா, பெரியவ இன்னும் கொஞ்ச நாள் அங்கயே இருக்கட்டும்' என்று சொன்னாயே, ஸ்பீக்கர் போட்டிருந்தது, வாண்டு பக்கத்தில்தான் படம் வரைந்துகொண்டிருந்தாள். எல்லாம் அவள் காதில் விழுந்தது. மறுநாள் நான் தினை வாங்கப் போன நேரம், முக்காலி போட்டு ஏறி, ஒரு நீலக் குஞ்சை எடுத்து அதன் தாயிடம் விட்டுவிட்டாள். நான் வந்தபோது குஞ்சு பானைக்குக் கீழே செத்துக் கிடந்தது, தலையெல்லாம் ரத்தம். தாய் முட்டைமேல் உட்கார்ந்திருந்தது. குஞ்சு முட்டைப் பக்கம் போனதையும் தாய் கொத்தியதையும் இவள் கம்பிக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறாள்.

நான் திட்டவில்லை. இருவரும் செடித்தொட்டியில் புதைத்தோம். கை கழுவும்போது, 'தாத்தா, அது தன்னோட குஞ்சுதான்னு அதுக்குத் தெரியலையா, தெரிஞ்சேதான் கொத்துச்சா' என்று கேட்டாள். பறவைக்கு அவ்வளவு யோசனை ஏது கண்ணு, அதனால்தான் பிரித்து வைக்கிறோம் என்றேன். உடனே, 'அம்மாவும் அதனாலதான் என்னைத் தனியா வச்சிருக்காங்களா' என்றாள். இல்லை கண்ணு, அம்மா உன்னைக் கூட்டிப்போக வருவாள் என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல்தான் சொன்னேன், கோபித்தால் கோபித்துக்கொள். எங்களுக்கு அவள் பாரமே இல்லை, அவள் போனபின் இந்த வீட்டில் எப்படி இருக்கப்போகிறோம் என்று தெரியவில்லை, இருந்தாலும் வா. உன் கஷ்டம் புரிகிறது, வேண்டுமானால் அம்மா கூட வந்து சில மாதம் துணைக்கு இருப்பாள், என் சமையலை நான் பார்த்துக்கொள்வேன், செத்துவிட மாட்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, பால் கொடுக்கிற உடம்பு. நீங்கள் எல்லோரும் நன்றாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு ஆசை இல்லை. வருகிற தேதியை அவளிடமே போனில் சொல், மறந்துவிடாதே. யாருக்கு எழுதுகிறீர்கள் என்று இப்போது வந்து கேட்டாள், சொன்னேன். தன் பங்குக்கு ஒரு வரி எழுதச் சொன்னாள், அவள் சொன்னபடியே எழுதுகிறேன்: 'நான் தம்பிப் பாப்பா பக்கத்துலயே போகமாட்டேன்னு அம்மாகிட்ட சொல்லுங்க தாத்தா.'

இப்படிக்கு,
உன் அப்பா