ஏழாவது துணைத்தேற்றம்

அன்புள்ள அவசரக்குடுக்கைக்கு,

இங்கே நலம். உன் அப்பாவுக்கு இருமல் குறைந்ததா? ஹீட்டரை அவர் அறையில் வை. உன் புத்தகங்களுக்கு ஒன்றும் குளிராது.

இந்தக் கடிதத்தை நின்றுகொண்டே படிக்காதே, உட்கார். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீ குறுக்கே பேசுவாய், ஹாஸ்டல் நாளிலிருந்து வழக்கம்போல் நான் விட்டுக்கொடுத்துவிடுவேன். இதில் விட்டுக்கொடுக்க முடியாது.

போன மாதம் ஓர் ஆய்விதழிலிருந்து ஒரு கட்டுரை மதிப்பீட்டுக்கு வந்தது. எழுதியவர் பெயரை மறைத்துத்தான் அனுப்புவார்கள். மதிப்பிடுவது யார் என்று எழுதியவருக்கும் தெரியக்கூடாது. பிளாஸ்மா என்னும் கொதிக்கும் மின்வாயுவில் கோடானுகோடி மின் துகள்கள் ஒன்றையொன்று இழுத்தும் தள்ளியும் ஓடுகின்றன. தனித்தனியாக அவற்றின் பின்னால் ஓட வேண்டாம், மொத்தக் கூட்டத்துக்கும் ஒரே சமன்பாடு போதும் என்று நிரூபிக்கும் கட்டுரை. இரண்டாம் பக்கத்திலேயே ஆளைக் கண்டுபிடித்துவிட்டேன். கணிதக் கட்டுரையில் 'சோம்பேறித் துகள்' என்று எழுதும் துணிச்சல் உன்னைத் தவிர வேறு யாருக்கு இருக்கிறது? தெரிந்தவர் கட்டுரை என்று அப்போதே திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். முடிவைப் பார்க்கும் ஆசையில் வைத்துக்கொண்டேன்.

கடைசி முடிவுக்குப் படிகளாக நீ அடுக்கியிருக்கும் துணைத்தேற்றங்களில் முதல் ஆறும் அருமை. எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. ஏழாவதில்தான் இடிக்கிறது.

இரண்டு துகள்கள் மிக நெருங்கினால் விசை கட்டுக்கடங்காமல் போகும் என்பதால், ஒரு சின்னத் தூரத்துக்குள் அதை மழுங்கடிக்கிறாய். சரி. கடைசியில் அந்தத் தூரத்தைப் பூஜ்யமாக்குகிறாய். அதுவும் சரி. ஆனால் நம் கணித ஆட்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டே, வரிக்கு வரி மதிப்பு மாறினாலும் எல்லா மாறிலிக்கும் 'சி' என்று ஒரே எழுத்தைப் போட்டுக்கொண்டே போவது. ஏழாவதின் நடுவில் நீ போட்டிருக்கும் சி, அந்தத் தூரத்தைப் பொறுத்தது. தூரம் குறையக் குறைய அது எல்லையில்லாமல் பெருகும். அடுத்த பக்கத்தில் அதை மாறாத வெறும் எண் என்று நினைத்துத் தாண்டிப் போய்விட்டாய். அதற்குப் பிறகு வருவதெல்லாம் அதன்மேல்தான் நிற்கிறது.

என் கணக்குதான் தப்பாக இருக்கும் என்று மறுபடி போட்டுப் பார்த்தேன். சமையலறை மேசை முழுக்கத் தாள். வீட்டில் எல்லோரும் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டுதான் சாப்பிட்டார்கள். பிறகு ஓட்டையை நானே அடைக்கப் பார்த்தேன். கொஞ்ச நேரத்துக்கு மட்டும் என்றால் உன் முடிவு நிற்கிறது. 'எல்லாக் காலத்துக்கும்' என்றால் நிற்கவில்லை. கட்டுரையின் தலைப்பே அதுதான்.

நேற்று இதழாசிரியர் அழைத்தார். "இன்னொருத்தர் பிரமாதம்னு எழுதிட்டார். உங்களோடதுதான் பாக்கி, திங்கட்கிழமை குடுத்துடுங்க" என்றார். இந்தக் கட்டுரை ஏற்கப்பட்டால்தான் உன் வேலை நிரந்தரம் என்று துறைத்தலைவர் சொன்னதை நீதான் என்னிடம் சொன்னாய். வேலை போனால் குவார்ட்டர்ஸும் போகும், அப்பாவை எங்கே கொண்டுபோவேன் என்று நீ அழுததும் காதிலேயே இருக்கிறது. நான் வாயைத் திறக்காவிட்டால் எல்லாம் நல்லபடியாக முடிந்துவிடும். அப்படிச் செய்துவிடலாமா என்று பல தடவை நினைத்தேன்.

வீட்டுக்காரரிடம் புலம்பினேன். "சொத்தைய அப்படியே விட்டுட்டு மேல மூடி அனுப்பினா வலி போயிடுமா? ஆனா அவகிட்ட நீயே சொல்லிடு. யாரோ ஒருத்தர் சொல்லி அவளுக்குத் தெரியக்கூடாது" என்றார். பல் டாக்டரிடம் கேட்டால் வேறென்ன வரும். இருந்தாலும் அவர் சொன்னது சரி.

உனக்கு இப்படி எழுதுவது விதிமீறல். வெளியே தெரிந்தால் எந்த இதழும் என்னைக் கூப்பிடாது, என் துறையிலும் விளக்கம் கேட்பார்கள். பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பெயரில்லாத ஒரு மறுப்புக் குறிப்பைப் பார்த்து நீ இடிந்து உட்காருவதை நினைத்தால் இந்தப் பயம் பரவாயில்லை.

ஆசிரியருக்கு நீயே எழுதிக் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள். குறுகிய காலத்துக்கான நிரூபணத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். அடித்தளம் முழுக்க உன்னுடையது. என் பெயரைப் போட்டுத் தொலைக்காதே. அதைத் துறைத்தலைவரிடம் காட்டு. அவருக்கு அது போதுமா என்றால், தெரியவில்லை. போதும் என்று உன்னிடம் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வரை பார்ப்பேன். நீ எழுதாவிட்டால் திங்கட்கிழமை நான் எழுதுவேன். கண்டதைக் கண்டபடிதான் எழுதுவேன்.

உனக்குக் கோபம் வரும். திட்டு, வாய் ஓயும்வரை திட்டு. ஆனால் பேசாமல் மட்டும் இருந்துவிடாதே, அதை என்னால் தாங்க முடியாது.

இன்னொன்று. எங்கள் வீட்டுக் கீழறையை ஒழித்துவிட்டோம். படியேறும் தொல்லை இல்லை, குளியலறையும் பக்கத்திலேயே. அப்பாவுக்குக் கட்டில் போட்டாயிற்று.

என்றும் உன்,
நத்தை